சேலத்தில் இளங்கலை படித்துக்கொண்டே அருங்காட்சியகவியல் கற்பது எப்படி

பழம்பொருள்களைச் சேர்த்து, பதிவுசெய்து, காத்து, காட்சிக்கு வைப்பதைக் கற்பிக்கும் அருங்காட்சியகவியலைத் துணைப் பாடமாக எடுக்க விரும்பும் மாணவர் முதலில் யோசிக்க வேண்டியது தம் முதன்மைப் பாடத்தைப் பற்றித்தான். வரலாறு படிப்பவருக்கு மட்டுமே இத்துறை உரியது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது, அது சரியன்று. வெண்கலச் சிலையிலிருந்து வெளிர்பச்சைத் தூள் உதிர்வது, உலோகத்தினுள் தங்கிய குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை என்பதை வேதியியல் மாணவர் எளிதில் புரிந்துகொள்வார். தாவரவியல் மாணவருக்கோ ஏற்காட்டின் தேசிய ஆர்க்கிட் தோட்டமே உயிருள்ள ஒரு காட்சிக்கூடம்.

அடுத்து, கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, அல்லைடு பாடங்களையும் விருப்பப் பாடங்களையும் வரிவரியாகப் பாருங்கள். அருங்காட்சியகவியல் என்ற பெயர் இல்லாவிட்டாலும் தொல்லியல், சுற்றுலா, பண்பாட்டு மரபு ஆகியவற்றின் கீழ் அதன் பகுதிகள் இருக்கக்கூடும். எதுவுமே இல்லையென்றால், இறுதியாண்டு புராஜெக்டை இதற்கென ஒதுக்கிக்கொண்டு, சேலம் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியருக்குத் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுதுங்கள். "பயிற்சி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பத்துப் பொருள்களுக்கு விவரக்குறிப்பு எழுதித் தருகிறேன்" என்று கேட்பது பலன் தரும்.

இந்த விவரக்குறிப்புதான் படிப்பின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன். உள்ளங்கையில் அடங்கும் புதிய கற்காலக் கற்கோடரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதிவு எண், பொருளின் பெயர், கல்லின் வகை, நீள அகலங்கள், எடை, கிடைத்த இடம், வந்து சேர்ந்த வழி, இப்போதைய நிலை ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். வெட்டுமுனை மழுங்கியிருக்கிறதா, பழைய உடைசலா புதிய உடைசலா, எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பவற்றை ஒரு மணி நேரம் பார்த்தே எழுத முடியும். பதிவு எண்ணைக் கல்லின்மேல் நேரடியாக எழுதக்கூடாது. வெளியில் தெரியாத ஓரிடத்தில் பாரலாய்ட் பி-72 என்னும் பிசினை மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் அதன்மேல் எழுதி, மீண்டும் ஒரு பூச்சுக் கொடுப்பது வழக்கம். தேவைப்பட்டால் கல்லுக்குச் சேதமின்றி அதைக் கரைத்து எடுத்துவிடலாம்.

கிடைத்த இடம் தெரியாத கோடரி, பாதி ஊமையான சாட்சி. இதை நன்கு அறிந்தவர், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பிரிட்டிஷ் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட். பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த அவர், சேர்வராயன் மலைச் சிறுகோயில்களில் வழிபாட்டில் இருந்த கற்கோடரிகளைப் பற்றியும் அவை இருந்த இடத்தைக் குறிப்பிட்டு எழுதினார். அவருடைய சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூருக்குச் செல்லும்போது அதைப் பார்க்கத் தவறாதீர்கள். நம் மலையின் பெயர் அந்தப் பதிவுகளில் இருப்பதைக் காணும்போது உண்டாகும் பெருமிதம் எந்தப் பாடநூலும் தராதது.

ஆனால் அவர் காலத்து முறை இன்றைக்கு ஆகாது. மலைக்கிராமத்துக் கோயிலில் கற்கோடரியைக் கண்டால் எடுத்துவரக் கூடாது. அது அம்மக்களின் வழிபாட்டுப் பொருள். ஊர்ப் பெரியவரிடம் அனுமதி பெற்று, இருந்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, அதைப் பற்றி அவர்கள் சொல்வதையும் அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் முதலே உள்ள விதி. இவ்விரண்டு சட்டங்களையும் முதல் பருவத்திலேயே படித்துவிடுவது நல்லது.

மூன்றாண்டு முடிவில் முதுகலை செல்ல விரும்புவோர்க்கு, 1952 முதல் இத்துறை இயங்கிவரும் பரோடா பல்கலைக்கழகம் ஒரு வழி. விண்ணப்பிக்கும்போது, நீங்கள் எழுதிய பத்து விவரக்குறிப்புகளையும் படங்களோடு ஒரு கோப்பாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.