குஞ்சுக்குக் காலில் அடியா? கட்டுப் போடும் முன் இதைப் படியுங்கள்

கோழிக்குஞ்சு நொண்டுவதைப் பார்த்ததும் பலருக்கும் கை முதலில் துணியையும் குச்சியையும்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். நடக்க முடியாத குஞ்சைக் கால் காயம் கொல்வது குறைவு. உடம்பு குளிர்ந்துபோவது, தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போக முடியாமல் காய்வது, மற்ற குஞ்சுகளிடம் மிதிபடுவது, இவைதான் அதன் உயிரை எடுக்கின்றன. அதனால் கட்டுப் போடுவது இங்கே மூன்றாவது வேலையாகத்தான் வரும். பொரித்த நாளிலிருந்து ஐந்தாறு வாரம் வரை உள்ள குஞ்சுகளை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை: பிரித்து வையுங்கள், சூடு கொடுங்கள்

ஒரு சிறிய அட்டைப்பெட்டி போதும். பெரிய பெட்டி வேண்டாம். அதிகம் நகரக் கூடாது என்பதுதானே நோக்கம். அடியில் செய்தித்தாள் போடாதீர்கள், வழுக்கும். நல்ல காலையே அது பிளக்க வைத்துவிடும். சொரசொரப்பான, நூல் பிரியாத துணியோ ரப்பர் விரிப்போ நல்லது. நூல் பிரிந்து தொங்கும் பழைய துண்டு என்றால் விரலில் சுற்றிக்கொண்டு இன்னொரு காயத்தைக் கொண்டுவரும்.

தனியாக இருக்கும் குஞ்சு விடாமல் கத்தி, தீனி எடுக்காமல் சோர்ந்துவிடும். நடுவில் கம்பிவலை வைத்து, மற்ற குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்திலேயே வையுங்கள். ஆனால் கூட்டத்தோடு விடவே கூடாது. குஞ்சுகளுக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், எல்லாம் சேர்ந்து அந்த இடத்தையே குறிவைக்கும்.

சூடு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். நன்றாக ஓடியாடும் குஞ்சு சூடு அதிகமானால் சூடு தரும் விளக்கை விட்டுத் தானாக விலகிப் போகும், குளிர்ந்தால் நெருங்கி வரும். நொண்டிக் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் எங்கே உட்கார வைத்தீர்களோ அங்கேயே வேகும், அல்லது விறைக்கும். அதனால் வெப்பமானியைப் பெட்டியின் ஓரத்தில் மாட்டாமல், குஞ்சின் முதுகு உயரத்தில், அதன் பக்கத்திலேயே வையுங்கள். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பை விட்டுத் தள்ளி வைத்தால் சூடு அதிகம். உடம்பைக் குறுக்கிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தினால் குளிர்கிறது.

தண்ணீரை ஆழமில்லாத மூடியில், கூழாங்கல் போட்டு வையுங்கள். தடுமாறும் குஞ்சு அரை விரல் ஆழத் தண்ணீரில்கூட முகம் குப்புற விழுந்து மூழ்கிவிடும். பகலில் அவ்வப்போது அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் தானே தலையை நிமிர்த்தி விழுங்கும். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அன்றுதான் பொரித்த குஞ்சு தீனி எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேலான குஞ்சுக்குக் குஞ்சுத் தீவனத்தை நீர் தெளித்துப் பிசைந்து, எட்டும் இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது வேலை: என்ன ஆயிற்று என்று பாருங்கள்

குஞ்சைப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவைகளுக்கு நம்மைப் போல, மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே விட முடியும். இறுக்கிப் பிடித்த கையிலேயே குஞ்சு மூச்சுத் திணறிச் சாகலாம். உள்ளங்கையில் உட்கார வைத்து, விரல்களால் லேசாக அணைத்தால் போதும்.

நல்ல வெளிச்சத்தில் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல காலை முதலில் தடவிப் பார்த்துக்கொண்டால், கெட்ட காலில் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். இன்னொன்று: பின்பக்கமாக மடங்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். நிஜ முழங்கால் மேலே, இறகுக்குள் உடம்போடு ஒட்டியிருக்கும்.

முதலில் நூல், தலைமுடி ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வீக்கத்துக்குள் புதைந்து, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோடு மாதிரி மட்டும் இருக்கும். சின்னக் கத்தரியால் அறுத்து எடுத்தாலே சில குஞ்சுகள் மறுநாள் நடக்கும்.

கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, வயிறு தரையில் படிந்திருந்தால் அது கால் பிளப்பு. வழுக்கும் தரையும், அடைகாக்கும்போது வெப்பமோ ஈரமோ மாறிப்போனதும் பொதுவான காரணங்கள். முதல் சில நாட்களுக்குள் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விரல்கள் உள்பக்கம் சுருண்டு, குஞ்சு கணுக்காலை ஊன்றி நகர்ந்தால் ரைபோபிளேவின் எனும் பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம். இது அடி பட்டதே அல்ல. கட்டுக் கட்டி மட்டும் பயனில்லை, வைட்டமின் போக வேண்டும்.

கணுக்கால் மூட்டு வீங்கி, பின்பக்கம் தட்டையாகி, அதற்குக் கீழே கால் வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மூட்டின் பின்பக்கம் உள்ள தன் பள்ளத்தை விட்டு நழுவியிருக்கும். மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறையும்போது இது வரும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் வாய்ப்புண்டு. நாளாக ஆக வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கால் பொம்மைக் கால் மாதிரி துவண்டு தொங்கினால், தொட்டதும் கத்தினால், அல்லது நடுவில் ஒரு வளைவு தெரிந்தால் எலும்பு முறிவு. மூன்று வாரத்துக்கு மேலான குஞ்சு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்திருந்தால், நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மேரக்ஸாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் ஒரே நேரத்தில் நொண்டினாலும் அடி என்று நினைக்காதீர்கள். தீவனத்திலோ நோயிலோதான் காரணம் இருக்கும், மருத்துவர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வேலை: கட்டு

கால் பிளப்புக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றே போதும். நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். நடுவில் பஞ்சு இருக்கும் பகுதி இரண்டு காலுக்கும் இடையில் வர வேண்டும். இரண்டு முனைகளையும் கணுக்காலுக்குக் கீழே காலைச் சுற்றிக் கொண்டுவந்து தன்மேலேயே ஒட்டுங்கள். கால்களுக்கு நடுவே இயல்பாக நிற்கும்போது உள்ள இடைவெளி இருக்கட்டும், ஒருநாள் குஞ்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவு. மிகவும் நெருக்கிவிட்டால் நிற்க முடியாமல் கவிழும்.

கட்டியதும் குஞ்சு உருண்டு விழுந்து உதைத்துக்கொள்ளும். பரிதாபமாகத்தான் இருக்கும், அதற்காகக் கழற்றிவிடாதீர்கள். இருபக்கமும் கையால் அணை கொடுத்துச் சில நிமிடம் நிற்க வையுங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படிச் செய்தால் சீக்கிரம் பழகிவிடும். மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் பலன் தெரியும். நடுவில் நாள்தோறும் கட்டைப் பாருங்கள். குஞ்சு வளரும் வேகத்தில் நேற்றுச் சரியாக இருந்த கட்டு இன்று இறுகிவிடும். விரல்கள் வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ, மற்ற காலை விடச் சில்லென்று இருந்தாலோ உடனே வெட்டி எடுங்கள். இழுத்துப் பிய்த்தால் தோல் கையோடு வரும்.

சுருண்ட விரலுக்குச் சின்னச் செருப்பு. மெல்லிய அட்டையைப் பாதத்தை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, விரல்களை நேராக விரித்து, காகித டேப்பால் ஒட்டுங்கள். கூடவே பறவைகளுக்கான பி காம்ப்ளெக்ஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். வெளிச்சத்தில் பி2 கெட்டுவிடும் என்பதால் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

முறிவு கணுக்காலுக்குக் கீழே, தோல் கிழியாமல் இருந்தால் மட்டும், எலும்பு அசையாமல் தாங்கும் சிம்பை வீட்டில் வைக்கலாம். முதலில் மெல்லிய பஞ்சு, அதன்மேல் நீளவாக்கில் கீறிய உறிஞ்சு குழாய், மேலே காகித டேப். மூட்டை நீட்டிக் கட்டாதீர்கள், அதன் இயல்பான மடிப்பு அப்படியே இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் எலும்பு கூடும். தொடை எலும்பு என்றால் கட்டப் பார்க்க வேண்டாம். குறுகிய பெட்டியில் அசையாமல் வைத்து மருத்துவரிடம் போங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். உணர்வே இல்லாத, கறுத்துப்போன கால் என்றால் குஞ்சின் உயிரை வலியில்லாமல் முடித்துவைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

தோல் கிழிந்த காயத்தை, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் ஆறும் சதையும் சேர்ந்து கெடும். வலி மாத்திரை மட்டும் சொந்தமாகக் கொடுக்காதீர்கள். ஒருநாள் குஞ்சின் எடையே 40 கிராம் அளவுதான். நமக்கான மாத்திரையை எவ்வளவு சின்னதாகக் கிள்ளினாலும் அதற்கு அளவு மீறிவிடும்.

அப்புறம் தினசரிக் கவனிப்பு

எப்போதும் உட்கார்ந்தே இருப்பதால் எச்சம் ஆசனவாயில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள். ஒரே பக்கம் சாய்ந்து விழுகிறது என்றால் துணியைச் சுருட்டி வளையமாக்கி, நடுவில் உட்கார வையுங்கள். கால்கள் உடம்புக்கு அடியில் வரும்படி உட்கார்ந்தால் மூட்டும் சரியாக அமையும். கணுக்காலின் பின்பக்கம் சிவந்து தோல் தேய்கிறதா என்பதையும் பாருங்கள். தேய்ந்தால் விரிப்பை இன்னும் மெத்தென்று மாற்ற வேண்டும்.

மறுபடி கூட்டத்தில் விடுவது

கட்டு இல்லாமல் முழுநாள் நடந்த பிறகே விடுங்கள். முதல் தடவை தீனி போடும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விடுங்கள். மற்றவை தின்பதில் மும்முரமாக இருக்கும். துரத்திக் கொத்தினால் எடுத்துவிட்டு, வலைக்குப் பின்னால் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். ஏறி உட்காரும் கட்டை உயரமாக இருந்தால் சில வாரம் தாழ்த்தி வையுங்கள். ஏறும்போதை விட, குதித்து இறங்கும்போதுதான் ஆறின காலில் மறுபடி அடிபடுகிறது.