பழைய விஎம்சி கோப்பைத் திறக்கும் முன்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

பழைய பேக்கப்பைக் கிளறும்போது ஒரு விஎம்சி கோப்பு அகப்படும். கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விஎம் எனப்படும் விர்ச்சுவல் இயந்திரத்தை, இயக்கும் மைக்ரோசாஃப்டின் விர்ச்சுவல் பிசி 2007 காலத்தது. அதை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, "இதை எதில் திறப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. எதில் திறந்தும் பயனில்லை, ஏனென்றால் இயந்திரம் அதற்குள் இல்லை. ரேம் எவ்வளவு, எந்த நெட்வொர்க் கார்டு, டிஸ்க் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு அது. விண்டோஸும் உங்கள் தரவும் இருப்பது விஎச்டி என்ற டிஸ்க் கோப்பில். அதைத்தான் முதலில் தேட வேண்டும். விஎம்சியை நோட்பேடில் திறந்தால் டிஸ்க்கின் பழைய பாதை தெரியும். தேடுவதற்கு அதுவே துப்பு.

விஎம்சி என்ற பின்னொட்டை விஎம்எக்ஸ் என்று மாற்றிப் பார்ப்பதும் நடக்கிறது. விஎம்வேர் என்ற இன்னொரு விஎம் மென்பொருளின் விஎம்எக்ஸ் எக்ஸ்எம்எல்லே அல்ல, வரிக்கு ஓர் அமைப்பு எழுதிய சாதாரண உரை. பெயரை மாற்றினால் வேலைக்கு ஆகாது.

உண்மையில் தரவைப் பறிகொடுப்பது வேறோர் இடத்தில். கோப்புறையில் விஎஸ்வி கோப்பு இருந்தால் அந்த இயந்திரம் முறையாக அணைக்கப்படவில்லை, பாதியில் உறங்க வைக்கப்பட்டிருக்கிறது. வியுடி கோப்பு இருந்தால், மாற்றங்களைத் தனியாக எழுதி வைக்கும் அண்டூ டிஸ்க் இயங்கியிருக்கிறது. கடைசியாகச் செய்த மாற்றங்கள் விஎச்டியில் இல்லை, அதில்தான் இருக்கின்றன. இவற்றைக் கவனிக்காமல் விஎச்டியை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றினால், இயந்திரம் திறக்கும், ஆனால் பழைய நிலையில். அதைவிட மோசம், மூல விஎச்டியை வேறு மென்பொருளில் ஒருமுறை இயக்கிவிடுவது. அடித்தளம் மாறிவிட்டால் அண்டூ டிஸ்க்கை அதன்மேல் பொருத்த முடியாது. விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்தைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, விர்ச்சுவல் பிசியிலேயே திறந்து, மாற்றங்களை விஎச்டியில் சேர்த்து, ஷட்டவுன் செய்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. எல்லாமே நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். திறந்தது திறந்தபடி இருக்கையில், விர்ச்சுவல் பிசி உள்ளே நிறுவிய துணை மென்பொருளான விர்ச்சுவல் மெஷின் அடிஷன்ஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் பின்னால் தொல்லை குறையும்.

அப்புறம் டிஸ்க்கின் வடிவத்தை மாற்றுவது. கியூஇமு என்ற விஎம் மென்பொருளின் வடிவ மாற்றக் கட்டளையில் மூல வடிவமாக "விஎச்டி" என்று கொடுத்து, பிழை வந்ததும் டிஸ்க் கெட்டுப்போனதாக முடிவு கட்டுகிறார்கள். அங்கே விஎச்டியின் பெயர் "விபிசி". மைக்ரோசாஃப்டின் புதிய விஎம் மென்பொருளான ஹைப்பர்-வி என்றால் மாற்றவே தேவையில்லை. புதிதாக ஒரு விஎம் உருவாக்கி அந்த விஎச்டியை இணைத்தால் போதும். ஆனால் ஜெனரேஷன் 1 தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெனரேஷன் 2 விஎச்டியின் புதிய வடிவமான விஎச்டிஎக்ஸ் மட்டுமே ஏற்கும், பயாஸ் என்ற பழைய முறையில் பூட் ஆகும் பழைய விண்டோஸும் அதில் எழாது.

உள்ளே இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி நீலத்திரையில் 7பி என்ற எண்ணைக் காட்டி நின்றால் கைவிட்டுவிடாதீர்கள். விர்ச்சுவல் பிசி டிஸ்க்கை ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகையாகவே காட்டி வந்தது. புதிய மென்பொருள் அதை வேறு இணைப்பு வகைகளான ஸ்கசியிலோ சாட்டாவிலோ மாட்டிவிட்டால், எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லை, தன் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியாது. அமைப்புகளில் டிஸ்க்கை ஐடிஇக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும்.

எல்லாம் ஓடுகிறது என்றதும் விஎம்சியைக் குப்பையில் போட வேண்டாம். பழைய நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி அதில்தான் இருக்கிறது. மேக் முகவரியைப் பார்த்து உரிமம் தரும் மென்பொருள் உள்ளே இருந்தால், புதிய விஎம் தானாக எடுத்துக்கொண்ட முகவரியைக் கண்டதும் முரண்டு பிடிக்கும். பழைய முகவரியைக் கையால் கொடுத்த பிறகு அந்த மென்பொருளைத் திறந்து பாருங்கள்.