கல்லீரலுக்காகக் காத்திருப்பவரின் மெல்ட் எண்ணைக் கணக்கிட்டுப் படிப்பது எப்படி?

சென்னையில் கல்லீரல் மாற்றுப் பிரிவொன்றில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். "அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு நாள்?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்காத குடும்பம் குறைவு. நாள் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அடுத்த 90 நாள்களில் உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை, இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு கணக்கிடும் மெல்ட் (MELD) எண் காட்டும். அதைக் கணக்கிட வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

பிலிருபின் (மஞ்சள் காமாலையின் அளவு), ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகம்), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), சோடியம் (இரத்தத்திலுள்ள உப்பு) ஆகிய நான்கும் ஒரே நாளில் எடுத்த இரத்தத்தின் முடிவுகளாக இருக்க வேண்டும். போன மாதத்துக் கிரியேட்டினினோடு இன்றைய பிலிருபினைச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு ரிப்போர்ட் என்றால் அலகைப் பாருங்கள். மைக்ரோமோல் என்றிருந்தால் பிலிருபினை 17.1ஆலும் கிரியேட்டினினை 88.4ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள்.

சோடியத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, மற்ற மூன்றில் எது 1க்குக் குறைந்தாலும் 1 என்றே கொள்ள வேண்டும். கிரியேட்டினின் 4ஐத் தாண்டினாலோ, கடந்த ஒரு வாரத்தில் இருமுறை டயாலிசிஸ் நடந்திருந்தாலோ 4 என்று வையுங்கள். இனி ஒவ்வொன்றுக்கும் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்) எடுத்து, பிலிருபினுடையதை 3.78ஆலும், ஐ.என்.ஆர். உடையதை 11.2ஆலும், கிரியேட்டினினுடையதை 9.57ஆலும் பெருக்கிக் கூட்டி, 6.43ஐச் சேருங்கள். பிலிருபின் 4, ஐ.என்.ஆர். 2, கிரியேட்டினின் 1 என்றால் விடை 19. அதே நோயாளிக்குக் கிரியேட்டினின் மட்டும் 2 ஆனால் எண் 26க்குத் தாவிவிடும். சிறுநீரகத்தைக் கண்போல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை எதுவும் தராதீர்கள்.

சோடியம் 137க்குக் கீழே இறங்கினால் ஆபத்து கூடும். மேலே சொன்ன 19 எண்காரருக்குச் சோடியம் 130 என்றால் திருத்திய எண் 24. இந்தத் திருத்தத்தைக் கையால் போட வேண்டாம், இணையக் கணிப்பான் போதும்.

அமெரிக்காவில் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வில், எண் 9க்குக் குறைந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 1.9 சதவீதம், 40ஐ எட்டியவர்களில் 71.3 சதவீதம். பொதுவாக 15ஐ எட்டியதுமே மாற்றுச் சிகிச்சைக் குழுவைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் எண்ணைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள், நிம்மதியும் அடைந்துவிடாதீர்கள். நீர் பிரியும் மாத்திரை அதிகமானாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ எண் ஏறும், சரிசெய்தால் இறங்கும். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில வாரங்களில் 16, 19, 23 என்று ஏறுவதுதான் எனக்குக் கவலை தரும்.

இந்த எண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. வயிற்றில் நீர் கோத்தல், இரவில் விழித்துப் பகலில் தூங்குதல், பேச்சில் குழப்பம், தோளும் தொடையும் மெலிதல் எதுவும் இந்தக் கணக்கில் வராது. தசை கரைந்தவருக்குக் கிரியேட்டினின் குறைவாகக் காட்டும். எண்ணும் பொய்யாகக் குறையும். பெண்களுக்கு இந்த அநீதி கூடுதலாக நடந்தது. அதனால்தான் அமெரிக்காவில் 2023இல் நடைமுறைக்கு வந்த மெல்ட் 3.0 என்ற இந்தக் கணக்கின் புதிய வடிவம், ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தையும் சேர்த்து, பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டித் தருகிறது. கல்லீரல் புற்றுநோய் உள்ளவருக்கும் எண் குறைவாகவே இருக்கலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவருக்கோ ஐ.என்.ஆர். மருந்தாலேயே ஏறியிருக்கும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரத்த வாந்தி, கருப்பு மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, எழுப்பினால் எழாத தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் எண்ணைத் தேடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

எண் ஏறத் தொடங்கினால் மருத்துவரிடம் இரண்டைக் கேளுங்கள்: தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் நோயாளியின் பெயரை மருத்துவமனை பதிந்துவிட்டதா, குடும்பத்தில் கல்லீரலின் ஒரு பகுதியைத் தர முன்வருபவருக்குப் பரிசோதனையை எப்போது தொடங்கலாம். பரிசோதனைகளுக்கும் அனுமதிக் குழுவின் ஒப்புதலுக்கும் காலம் பிடிக்கும். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்த பிறகு அந்தக் காலம் கிடைப்பதில்லை.