லூக்வார்ம் வெல்கமுக்கு நன்றி சொல்லாதீர்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு மெயில் தட்டினேன், அதில் ‘லூக்வார்ம் வெல்கம்’ (lukewarm welcome) கொடுத்தீர்கள் என்று பெருமையாக எழுதியிருந்தேன். லூக்வார்ம் என்றால் வெதுவெதுப்பு, சுடாமல் இதமாக இருப்பது, அப்படியென்றால் வார்மை விட ஒரு படி மேல்தானே என்று கணக்கு. உண்மையில் நான் எழுதியது: ‘கடனே என்று வரவேற்றீர்கள், நன்றி.’

வெதுவெதுப்பு, இளஞ்சூடு எல்லாம் தமிழில் நல்ல சொற்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும், அதனால்தான் இந்தக் குழப்பம். ஆங்கிலத்திலும் தண்ணீர், பால் வரைக்கும் வம்பில்லை. மனிதர்களிடம் வந்தால்தான் ஏனோதானோ, பட்டும் படாமலும் என்று பொருள் மாறிவிடும். படத்துக்கு லூக்வார்ம் ரெஸ்பான்ஸ் என்றால் யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை என்று அர்த்தம். பைபிளில் லவோதிக்கேயா என்ற ஊரின் சபையைப் பார்த்து இயேசு, நீ குளிரும் இல்லை அனலும் இல்லை, வெதுவெதுப்பாக இருக்கிறாய், அதனால் வாயிலிருந்து உமிழ்ந்துவிடுவேன் என்று வரும் (வெளிப்படுத்தல் 3:16). ஆங்கிலத்தில் அங்கே இருப்பதும் இதே லூக்வார்ம்தான்.

பைபிள் என்றதும் லூக் என்பது சுவிசேஷம் எழுதிய லூக்காவோ என்று கேட்காதீர்கள், அவருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘லுக்’ (look) என்று நினைத்து இரண்டு ஓ போட்டு எழுதுவதும் தவறு. இடைக்கால ஆங்கிலத்தில் லூக் என்றாலே வெதுவெதுப்பு. அதன் வாலில் இன்னொரு வார்ம், நம்ம நடுசென்டர் மாதிரி! பழைய லூக் வழக்கொழிந்துபோக, ஒட்டிய ஜோடி மட்டும் மிஞ்சியது. லூக்கோல்ட் என்று ஒன்று கிடையாது, சிலர் எழுதுகிறார்கள்.

இதற்கு மாற்றாக வரும் டெப்பிட் (tepid) என்ற சொல் லத்தீன் வழி வந்தது. ரோமானியக் குளியல் கூடங்களில் சில்லென்ற அறைக்கும் சூடான அறைக்கும் நடுவில் இருந்த இளஞ்சூட்டு அறையின் பெயர் டெபிடேரியம். அந்த வேரும் சமஸ்கிருதத் தபஸின் வேரும் ஒன்று, அந்தத் தபஸ்தான் நம் தவம்! ஆனால் டெப்பிட்டும் மனிதர்களிடம் பாராட்டு இல்லை.

அப்புறம் சமையல். பிரெட் செய்முறையில் லூக்வார்ம் வாட்டர் என்று போட்டிருந்தால் ஆவி பறக்கிற தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், ஈஸ்ட் செத்துப்போய் மாவு உப்பாமல் அப்படியே கிடக்கும். 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும். தெர்மாமீட்டர் இல்லையா, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. தயிருக்கு உறை ஊற்றும்போது பால் இருக்கிற அதே பதம்.