இதயத்துல ஓட்டையோட பொறந்த பூனைக்குட்டிய வளர்க்கிறது எப்படி

தடுப்பூசி போடப் போன எடத்துல டாக்டர் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப்ப வச்சுட்டு "மர்மர் கேக்குது, எக்கோ எடுங்க"ன்னு சொன்னா ஒடனே இடிஞ்சு போயிராதீங்க. மர்மர்னா இதயத் துடிப்போட சேர்ந்து கேக்குற உஸ்ஸுன்னு சத்தம், எக்கோன்னா இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன். குட்டிங்களுக்கு கேக்குற எல்லா மர்மரும் நோய் இல்ல, சிலதுக்கு நாலஞ்சு மாசத்துல தானா போயிரும், தெள்ளுப்பூச்சி கடிச்சு ரத்தசோகை ஆனாக்கூட கேக்கும். எது என்னன்னு எக்கோ எடுத்தாத்தான் தெரியும். பூனைங்களுக்கு பொறவியிலயே வர்றதுல அடிக்கடி பாக்குறது கீழ் அறைங்களுக்கு நடுவுல இருக்குற சுவத்துல ஓட்டை, விஎஸ்டின்னு ரிப்போர்ட்ல போட்டிருப்பாங்க. இதுல சத்தம் பெருசா இருந்தா நோயும் பெருசுன்னு அர்த்தம் இல்ல, ஹோஸ் பைப் வாய விரலால அழுத்துனா தண்ணி பீய்ச்சுதே அதே கதைதான், சின்ன ஓட்டைதான் பல நேரம் ரொம்ப சத்தம் போடும். சின்ன ஓட்டையோட மருந்தே இல்லாம வயசாகுற வரைக்கும் நல்லா இருக்குற பூனைங்க நெறைய உண்டு.

நம்ம வேலை என்னன்னா மூச்ச எண்ணுறது. பூனை நோவ மறைக்கிற ஜென்மம், நாய் மாதிரி இருமிக் காட்டாது, அதனால முகத்தப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. நல்லா அசந்து தூங்குறப்ப விலாப்பக்கம் பாருங்க, ஏறி எறங்குனா ஒண்ணு, 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கணும். உர்ருன்னு சத்தம் விட்டுட்டு இருக்கும்போதும், கனவுல கால உதறும்போதும் எண்ணாதீங்க, கணக்கு தப்பா வரும். நிமிஷத்துக்கு 30க்குள்ள இருக்கணும். தாண்டுனா கொஞ்ச நேரம் விட்டு திரும்ப எண்ணுங்க, அப்பவும் தாண்டுனா அன்னிக்கே டாக்டருக்கு போன். 40க்கு மேல போகுது, வயிறு உள்ள இழுத்து இழுத்து மூச்சு வாங்குது, ஈறு வெளுத்தோ நீலமாவோ தெரியுது, வாயத் தொறந்து நாக்கு தொங்குதுன்னா ராத்திரி ரெண்டு மணியானாலும் கெளம்பிருங்க. அழகா இருக்குன்னு ரீல்ஸ் எடுத்துட்டு நிக்காதீங்க. பின்னங்கால் திடீர்னு இழுத்துக்கிட்டு சில்லுன்னு ஆகி பூனை வலியில கத்துனா அது ரத்தக்கட்டியா இருக்கலாம், அதுக்கும் ஓடணும்.

நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா ஃபுரோசமைடு குடுப்பாங்க, மெடிக்கல்ல லாசிக்ஸ்னு வர்றது. அளவு டாக்டர் சொல்றதுதான், ஒரு வேளை விட்டுப்போச்சுன்னு அடுத்த வேளை ரெண்டா குடுக்காதீங்க. இந்த மாத்திரைக்கு தாகம் எடுக்கும், மூத்திரம் ஜாஸ்தி போகும், லிட்டர் பாக்ஸ் நனையுதேன்னு தண்ணிக் கிண்ணத்த எடுத்து வச்சிராதீங்க. கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் அப்பப்ப ரத்த டெஸ்ட் உண்டு. மாத்திரைய கடவாப் பக்கமா நாக்கோட பின்பக்கத்து மேல தள்ளி, வாய மூடிப் பிடிச்சு, தொண்டைய மெதுவா தடவி விடுங்க, அப்புறம் சிரிஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, இல்லன்னா மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண்ணாகும். நம்ம வீட்டு காய்ச்சல் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், பாரசிட்டமால் பூனையக் கொன்னுரும்.

பால் சோறு போட்டே வளத்தோம்னு பாட்டி சொல்லுவாங்க. ஆனா பூனை இதயத்துக்கு டாரின்னு ஒரு சத்து வேணும், அது கறி மீன்லேர்ந்துதான் வரணும், அது கொறஞ்சா நல்ல இதயமே பலூன் மாதிரி வீங்கி கெட்டுப்போகும். பூனைக்குன்னே செஞ்ச ஃபுட் குடுங்க (நாய் ஃபுட் ஆகாது), கூட அவிச்ச கோழி ஈரல விட கோழி இதயம் நல்லது. கருவாடு, வெங்காயம் போட்ட கொழம்புத் துண்டு ரெண்டும் கூடாது. வாராவாரம் கிச்சன் தராசுல எடை போட்டு எழுதி வைங்க, குட்டி வளரலன்னா முதல்ல அங்கதான் தெரியும்.

வெளையாடறத தடுக்காதீங்க, அதுவா படுத்துட்டா திரும்ப உசுப்பி விடாதீங்க அவ்வளவுதான். கேரியர ஹால்லயே தொறந்து போட்டு வைங்க, அதுல தூங்கிப் பழகிட்டா ஆஸ்பத்திரி போற அன்னிக்கு பயத்துல மூச்சு எகிறாது. மூச்சு வாங்குறப்ப மல்லாக்க படுக்க வைக்காதீங்க, நெஞ்ச அமுக்கித் தூக்காதீங்க. கருத்தடை பண்ணலாமான்னு இதயம் பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் மயக்க மருந்து, ஆனா குட்டி போட மட்டும் விடாதீங்க.

எக்கோ ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. அவசரத்துக்கு தெரியாத டாக்டர்கிட்ட போறப்ப, சோர்வா இருக்குன்னு டிரிப்ஸ் போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "இதுக்கு இதயப் பிரச்சன இருக்கு"ன்னு சொல்லிருங்க, டிரிப்ஸ் அளவு மிஞ்சுனா தண்ணி நேரா நுரையீரலுக்குத்தான் போகும்.