மோசடி முகாமிலிருந்து சீனாவுக்குத் திரும்புகிறவர் போலீஸ் விசாரணைக்குத் தயாராவது எப்படி

2025 பிப்ரவரியில் ஆட்களை அடைத்துவைத்து இணைய, தொலைபேசி மோசடி செய்யவைக்கும் மியான்மரின் மியாவாடி முகாம்களிலிருந்து வெளியே வந்த சீனர்களை, தாய்லாந்தின் மே சோட் விமான நிலையத்திலிருந்து தனி விமானங்களில் சீனாவின் நான்ஜிங் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். நாம் செய்தியில் "மீட்கப்பட்டவர்கள்" என்று படித்த அதே ஆட்களை, சீன அரசு ஊடகம் "சந்தேகநபர்கள்" என்று எழுதியது. உங்களுக்குத் தெரிந்த சீன நண்பர் வீட்டில் இப்படி ஒரு தம்பியோ மகனோ திரும்பப் போகிறார் என்றால், அந்தக் குடும்பத்துக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான்: அவர் ஏமாற்றப்பட்டுப் போனவராகவே இருந்தாலும் சீனாவில் கால் வைத்த நிமிடத்திலிருந்து அவரைக் குற்றம் சாட்டப்படக்கூடியவராகத்தான் பார்ப்பார்கள்.

காரணம் 2021 ஜூனில் வந்த ஒரு விதி. உச்ச நீதிமன்றம், அரசு வழக்குத் தொடுப்புத் தலைமையகம், பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் மூன்றும் சேர்ந்து வெளியிட்டது. யாரிடம் எவ்வளவு ஏமாற்றினார் என்று கணக்குப் போட முடியாவிட்டாலும், வெளிநாட்டு மோசடிக் கூடத்தில் ஒரு வருடத்துக்குள் மொத்தம் 30 நாள் இருந்திருந்தாலே அதை மோசடிக் குற்றமாக, அதுவும் கடுமையான வகையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வகைக்குத் தண்டனை 3 முதல் 10 வருடம். முறையான வேலைக்காகத்தான் போனார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் விலக்கு. தொகை தெரிந்த வழக்குகளில் 3,000 யுவானிலேயே குற்றம் தொடங்கிவிடுகிறது, 5 லட்சம் யுவானைத் தாண்டினால் 10 வருடத்திலிருந்து ஆயுள் வரை போகும். மியான்மரை ஒட்டிய யுன்னான் மாகாண எல்லையில் மலைப்பாதை வழியாகக் கள்ளத்தனமாகத் தாண்டியிருந்தால் அது தனி வழக்கு.

அதனால் ஆள் வந்து சேர்வதற்கு முன்பே ஆதாரங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். வேலை தருவதாகச் சொல்லி அனுப்பிய முதல் மெசேஜ், விமான டிக்கெட் யார் போட்டது, காணாமல் போனதும் குடும்பம் போலீஸில் கொடுத்த புகாரின் ரசீது, "பணம் அனுப்பினால்தான் விடுவோம்" என்று வந்த குரல் பதிவு, ஆளை விடுவிக்க முகாமுக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, உடம்பில் அடிபட்ட படங்கள். எல்லாவற்றையும் தேதி வாரியாக வரிசைப்படுத்தி இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அவருக்கு எதிராகப் போகுமோ என்று பயந்து வீசாட் (சீனர்களின் மெசேஜ் செயலி) உரையாடலை அழிக்கவே கூடாது. அழித்தால் அதுவே சந்தேகத்தைக் கூட்டும், அழிக்க உதவியவர் மேலும் வழக்கு வரலாம். இதெல்லாம் ஏன் என்றால், மிரட்டலுக்குப் பணிந்து குற்றத்தில் சேர்ந்தவருக்குத் தண்டனையைக் குறைக்கவோ முழுவதுமாக விலக்கவோ சீனக் குற்றவியல் சட்டத்தின் 28ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் "கட்டாயப்படுத்தினார்கள்" என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், திரும்புகிற எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

அவரே வர முடிகிற நிலையில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. தானாக வந்து சரணடைவதற்குச் சட்டத்தில் சலுகை இருக்கிறது, குடும்பத்தார் கூட்டிக்கொண்டு வந்து ஒப்படைத்தாலும் அது சரணடைதலாகவே கணக்கில் வரும். எந்தத் தேதியில், எந்த எல்லைச் சாவடி வழியாக வருகிறார் என்று ஊர் போலீஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கைவிலங்கோடு விமானத்தில் வருகிறவருக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடைக்காது. ஆனால் பிடிபட்ட பிறகு நேர்மையாகச் சொல்வதற்கும் தனியாகக் குறைப்பு உண்டு.

சரி, இப்போது விசாரணை. வெறும் அழைப்பின் பேரில் போலீஸ் ஒருவரை 12 மணி நேரம் வைத்திருக்கலாம், சிக்கலான வழக்கென்றால் 24 மணி நேரம். அதற்குமேல் வைக்க முறைப்படி காவலில் எடுக்க வேண்டும். எடுத்த 24 மணி நேரத்துக்குள் கான்ஷோசுவோ எனப்படும் விசாரணைக் கைதிகள் காவல் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும், சாதாரண மோசடி வழக்கில் அதே 24 மணி நேரத்துக்குள் குடும்பத்துக்கும் தகவல் தர வேண்டும். அந்த இல்லம் சொந்த ஊரில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கை எந்த ஊர் போலீஸ் எடுத்ததோ அந்த ஊரில்தான் வைப்பார்கள். உள்ளே சேர்க்கும்போது உடல் பரிசோதனை நடக்கும். அடிபட்ட தழும்பு எதுவாக இருந்தாலும், எப்போது, எங்கே, யார் அடித்தார்கள் என்பதோடு எழுதிக்கொள்ளச் சொல்லி அங்கேயே கேட்க வேண்டும்.

விசாரணையில் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு நாடுகளில் உள்ளதுபோல மௌனமாக இருக்கும் உரிமை சீனாவில் இல்லை. வழக்கோடு சம்பந்தமில்லாத கேள்வியை மட்டும்தான் மறுக்கலாம். அதனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று மழுப்புவதைவிட, எந்தத் தேதியில் உள்ளே போனேன், பாஸ்போர்ட்டை யார் பிடுங்கினார், எத்தனை நாள் பயிற்சி, எந்தக் குழு, சம்பளம் கிடைத்ததா, எப்போது அடித்தார்கள், தப்பிக்கப் பார்த்தேனா என்று சொல்வதுதான் காப்பாற்றும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம். ஊகித்துத் தொகை சொல்லிவிட்டால் அந்த எண் கடைசிவரை கூடவே வரும்.

வாக்குமூலத் தாளைத்தான் நான் இங்கே அதிகம் வற்புறுத்துவேன். போலீஸ்காரர் இரண்டு பேர் எதிரே இருப்பார்கள், ஒருவர் கேட்பார், மற்றவர் தட்டச்சு செய்வார். முடிந்ததும் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். தூக்கம் இல்லை, பசி, எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருக்கும் நேரம் அது. அப்போதுதான் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்க வேண்டும். "என்னைப் போகச் சொன்னார்கள்" என்று சொன்னது "நான் போனேன்" என்று பதிவாகியிருக்கலாம். "மோசடி என்று பிறகு தெரிந்தது" என்பதில் "பிறகு" விடுபட்டிருக்கலாம். தெரிந்தே செய்தாரா என்ற கேள்வி அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. திருத்தச் சொல்ல உரிமை உண்டு, திருத்திய இடத்தில் சிவப்பு மையில் கைரேகை வைப்பார்கள். கடைசிப் பக்கத்தில் "படித்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதை எழுதிவிட்டால் பிறகு மாற்றிச் சொல்வது மிகக் கடினம். தன் கைப்பட வாக்குமூலம் எழுதித் தருகிறேன் என்று கேட்டால் அனுமதிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

வக்கீலை முதல் விசாரணை நாளிலிருந்தே வைக்கலாம். இந்தக் கட்டத்தில் குடும்பத்தார் உள்ளே போய்ப் பார்க்க முடியாது, வக்கீல் மட்டும்தான் போக முடியும். அவருடைய உரிமச் சான்று, அலுவலகக் கடிதம், குடும்பம் எழுதித் தந்த அதிகாரப் பத்திரம் மூன்றும் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும், அந்தப் பேச்சை யாரும் ஒட்டுக் கேட்கவும் கூடாது. பணம் இல்லையென்றால் 12348 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். "உள்ளே ஆள் தெரியும், இவ்வளவு கொடுத்தால் வெளியே எடுத்துவிடுவேன்" என்று வரும் புரோக்கரிடம் ஒரு யுவான்கூடக் கொடுக்காதீர்கள். முகாமிலிருந்து ஆளை விடுவிக்கப் பணம் கட்ட வீட்டை விற்ற குடும்பத்தை இரண்டாவது முறை ஏமாற்ற வருகிறவர்கள் அவர்கள். முகாமில் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கட்டுவது தண்டனையைக் குறைக்க உதவும், ஆனால் அதை வக்கீல் மூலம் விசாரணை அதிகாரியிடம் கட்டி ரசீது வாங்குங்கள்.

அப்புறம் 37 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கும்பலாகச் செய்த குற்றம் என்றால், காவலில் எடுத்தவரை முறைப்படிக் கைது செய்ய அனுமதி கேட்க போலீஸுக்கு 30 நாள் வரை கிடைக்கும், அதைப் பரிசீலிக்க அரசு வழக்குரைஞருக்கு 7 நாள். சேர்த்து வைத்த ஆதாரங்கள் எல்லாம் வக்கீலின் எழுத்துபூர்வமான கருத்தோடு அந்த நாட்களுக்குள் அரசு வழக்குரைஞரின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். அனுமதி மறுத்தால் ஆள் வெளியே வருவார், பெரும்பாலும் 12 மாதம் வரை நீளக்கூடிய ஜாமீனில். அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது, முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், கூப்பிட்டால் உடனே போக வேண்டும்.