மரபு சங்கத்துல தேர்தல், பைலா திருத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்ப ஊருக்கு ஊர் மரபு பாதுகாப்பு சங்கம் ஆரம்பிக்கிறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. கல்வெட்டு படி எடுக்கப் போற பசங்க, நடுகல் தேடி காட்டுக்குள்ள போறவங்க, இடிக்கப் போற பழைய கட்டடத்துக்காக மனு மேல மனு எழுதுறவங்க எல்லாம் ஒண்ணு சேந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ பதிவு பண்ணிடறாங்க. முதல் மூணு வருஷம் நல்லா போகும். அப்புறம் முதல் தேர்தல் வரும், கூடவே யாராவது "அப்படியே பைலாவையும் கொஞ்சம் மாத்திடலாமே"ன்னு ஆரம்பிப்பாங்க, அங்கதான் சறுக்க ஆரம்பிக்குது. (பைலான்னா சங்கத்தோட உள்விதிகள்.) தேர்தல் நடத்திக் குடுங்கன்னு கூப்பிடுற சங்கத்துக்கெல்லாம் போறேன், எங்க சங்கத்துல ஆரம்ப காலத்துல நடந்த அதே கூத்து அங்கயும் அச்சு அசலா நடக்குது, மனசு கேக்க மாட்டேங்குது. அதான் இந்தப் பதிவு. ரசீது இல்லாம சந்தா வாங்காதீங்க, மினிட் புக்கைத் தொலைக்காதீங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

டெல்லி பைலாவை அப்படியே இறக்கி வெச்சுக்கிறது

நெட்ல தேடினா முதல்ல கிடைக்கிறது டெல்லியில பதிவான அமைப்புகளோட பைலாதான். அதெல்லாம் 1860-ம் வருஷத்து மத்திய சட்டத்தை வெச்சு எழுதினது. அந்தச் சட்டத்துல சங்கத்தோட நோக்கத்தை மாத்தணும்னா அஞ்சுல மூணு பங்கு பேர் ஓட்டுப் போடணும், ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது கூட்டம் போட்டு அதே அஞ்சுல மூணு பங்கு பேர் உறுதி பண்ணணும். நம்ம 1975 சட்டத்துல கதை வேற. இங்க திருத்தத்துக்கு சிறப்புத் தீர்மானம் வேணும், அதுக்கு நாலுல மூணு பங்கு ஓட்டு. பேரை மட்டும் மாத்திட்டு அந்த அஞ்சுல மூணை அப்படியே விட்டுட்ட பைலாவை நிறைய பாத்துட்டேன், திருத்தம்னு ஒண்ணு வர்ற வரைக்கும் அது யார் கண்ணுலயும் படாது, பட்ட அன்னைக்கு தீர்மானமே செல்லாதுன்னு நிக்கும்.

திருத்தத்தையும் தேர்தலையும் ஒரே கூட்டத்துல முடிக்கிறது

இதைத்தான் விலாவாரியா சொல்லணும், இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் வருது.

எங்க சங்கம் அப்ப ஒரு பழைய வாசகசாலையைப் பழுது பாத்துக்கிட்டிருந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது தேக்கு உத்தரத்து மேல மரச்சட்டம், அதுக்கு மேல சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லா சுண்ணாம்புச் சாந்துல அடுக்கி, அது மேல ஜல்லி போட்டு, கடைசியா தட்டோடு பதிப்பாங்க. பைலாபடி செயற்குழுவுல ஏழு பேர். ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை பொறியாளர் ஒருத்தர், பழைய கட்டட வேலை தெரிஞ்ச ஆர்க்கிடெக்ட் ஒருத்தர், இன்னும் ரெண்டு பேர், நாலு பேருமே நல்லவங்க, அவங்களையும் உள்ள கொண்டு வரணும்னு பதினொண்ணா ஆக்கலாம்னு முடிவாச்சு. நல்ல யோசனைதான், அதுல ஒரு குத்தமும் இல்ல. கூடவே அடிக்கடி தேர்தல் வெக்கறது தொல்லை, மூணு வருஷத்தை அஞ்சு வருஷமா ஆக்கிடலாம்னும் சேத்துக்கிட்டாங்க.

ஆண்டுப் பொதுக்குழுவுல நாலாவது பொருள் பைலா திருத்தம், அஞ்சாவது பொருள் தேர்தல். திருத்தம் கைதட்டலோட நிறைவேறிச்சு, அடுத்த பத்து நிமிஷத்துல பதினொரு பேரையும் மொத்தமா ஒரே பட்டியலா ஏகமனதா தேர்ந்தெடுத்தாச்சு. திருத்தத்தைப் பதிவு பண்ணிட்டு அப்புறம் தேர்தல் வெக்கலாமேன்னு கேட்டதுக்கு தலைவர் சொன்னது, "எல்லாரும் வந்திருக்காங்கல்ல சார், இன்னொரு தடவை இவ்வளவு பேரைக் கூட்ட முடியுமா?" இந்த வாக்கியத்தை இன்னைக்கும் எல்லா ஊர்லயும் கேக்குறேன், வார்த்தை மாறாம.

மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல படிவம் 7-ஐ, அதாவது செயற்குழு மாறினதைத் தெரிவிக்கற படிவத்தை, வாங்கின எழுத்தர் பைலா நகலை எடுத்து வெச்சு பென்சில்ல ஒரு கோடு போட்டார். "இதுல ஏழுன்னு இருக்கு, நீங்க பதினொண்ணு குடுத்திருக்கீங்க, நான் இதுல எந்த ஏழு பேரை எடுத்துக்கறது?" பதில் இல்ல. ஏன்னா பைலா திருத்தம் பொதுக்குழுவுல நிறைவேறினா மட்டும் போதாது, பதிவாளர்கிட்ட பதிவானாதான் அமலுக்கு வரும். அன்னைக்குக் கூட்டத்துல உசிரோட இருந்தது பழைய பைலாதான், அது ஏழு பேரைத்தான் அனுமதிக்குது, தனித்தனியா ஓட்டுப் போட்டிருந்தாக்கூட அதிக ஓட்டு வாங்கின முதல் ஏழு பேருன்னு ஏதாவது வாதாடியிருக்கலாம், மொத்தப் பட்டியலா எடுத்ததால அதுக்கும் வழியில்லாமப் போச்சு. அஞ்சு வருஷம்ங்கறது பதிவாகவே முடியாது, செயற்குழு உறுப்பினரோட பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டத்தோட 15-வது பிரிவே சொல்லுது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனா ஒரே மூச்சா அஞ்சு வருஷம் குடுக்க முடியாது. பொதுக்குழு நூத்துக்கு நூறு பேர் கை தூக்கினாலும் பைலாவால சட்டத்தைத் தாண்ட முடியாது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பழைய செயற்குழுவோட காலம் முடிஞ்சு போச்சு, புதுசு பதிவாகல. பேங்க்ல செக் கையெழுத்து மாத்த பதிவாளரோட சான்றிட்ட படிவம் 7 நகல் கேட்டாங்க, இல்ல. பழைய பொருளாளர் நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது, காலம் முடிஞ்சவர் கையெழுத்துப் போட்டா நாளைக்கு அவர் தலைலதான் விடியும். சனிக்கிழமை கூலி நின்னு போச்சு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார்கள் கிடைக்கறதே அபூர்வம், அவங்க வேற ஊர் வேலைக்குக் கிளம்பிட்டாங்க. கூரையில தட்டோட்டைப் பேர்த்து வெச்சிருந்த நேரம், பாதிக்கு மேல திறந்து கிடந்தது, மேல தார்ப்பாய்தான். வடகிழக்குப் பருவமழை பிடிச்சுக்கிச்சு. செங்கல் இடுக்குல இருந்த சாந்து கரைஞ்சு உள்சுவர்ல வெள்ளையா வழிஞ்சது. உத்தரத்தோட சுவருக்குள்ள போற முனைதான் தேக்குக்கு எப்பவும் ஆபத்தான இடம், அங்க தண்ணி தேங்கி ரெண்டு உத்தரம் மெத்துன்னு ஆயிடுச்சு, அழுத்தினா விரல் நகம் இறங்குது. நூறு வருஷம் தாண்டி நின்ன மரம். பணம் குடுத்துக்கிட்டிருந்த கம்பெனி, நிர்வாகம் யாருன்னு தெளிவான பிறகு வாங்கன்னு ரெண்டாவது தவணையை நிறுத்திடுச்சு. இத்தனையும் எதுக்கு, இன்னொரு கூட்டம் போட சோம்பல்.

எப்படிப் பண்ணணும்னா, பதவிக்காலம் முடியறதுக்கு ஆறேழு மாசம் முன்னாடியே திருத்தத்துக்கு மட்டும் ஒரு சிறப்புப் பொதுக்குழு கூட்டுங்க. நோட்டீஸ்ல இது சிறப்புத் தீர்மானமா வருதுன்னு வெளிப்படையா எழுதி, இப்ப இருக்கற விதி ஒரு பக்கம், வரப்போற விதி எதிர்ப்பக்கம்னு அட்டவணையா போட்டு அனுப்புங்க, "விதி 9 திருத்தப்படும்"னு மொட்டையா எழுதாதீங்க. 21 நாள் நோட்டீஸ் குடுங்க, அனுப்பற நாளும் கூட்ட நாளும் அதுல சேராம. ஓட்டு எண்ணும்போது கவனமா இருங்க: நாலுல மூணு பங்குங்கறது கை தூக்கினவங்கள்ல இல்ல, வந்திருக்கற ஓட்டுரிமை உள்ளவங்கள்ல. அறுபது பேர் உக்காந்திருந்தா 45 வேணும், நடுநிலைன்னு சும்மா உக்காந்திருக்கறவர் கணக்குப்படி எதிர்ப்புதான். அதனால வருகைப் பதிவேட்டுல கையெழுத்து எத்தனைன்னு ஓட்டுக்கு முன்னாடியே எண்ணி மினிட்ல எழுதிடுங்க. ஒரு சங்கத்துல 34 கையெழுத்துதான் இருந்தது, மினிட்ல 41 பேர் ஆதரவுன்னு எழுதியிருந்தாங்க, ரெண்டும் ஒரே தாள்ல முன்பக்கம் பின்பக்கம்.

நிறைவேறினதும் தாக்கல் பண்ணுங்க, பதிவான நகல் கைக்கு வரட்டும், அதுக்கப்புறம்தான் தேர்தல் நோட்டீஸ். நேரமே இல்லைன்னா பழைய பைலாபடியே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து படிவம் 7 குடுத்துடுங்க, அந்த நாலு பேரை சிறப்பு அழைப்பாளரா, ஆலோசனைக் குழுவா வெச்சுக்கோங்க, ஓட்டுரிமைதான் இருக்காது, வேலை பாக்க யார் தடுக்கப் போறா. திருத்தம் பதிவான பிறகு பொதுக்குழுவைக் கூட்டி மிச்ச நாலு இடத்தை நிரப்பிக்கலாம்.

பதவிக்காலத்தை நாமளே நீட்டிக்கிறது

"கட்டட வேலை முடியட்டும், அப்புறம் தேர்தல்"னு ஆறு மாசம் தள்ளறது மரபு சங்கங்கள்ல ரொம்ப சகஜம், ஏன்னா நம்ம கையில எப்பவும் ஏதோ ஒரு கட்டடம் பாதியில நிக்கும். இதோட விளைவைப் பாக்க நடிகர் சங்கத்தை எடுத்துக்கோங்க. கட்டட வேலையைக் காரணம் சொல்லி 2018-ல பதவிக்காலத்தை ஆறு மாசம் நீட்டினாங்க, தேர்தல் 2019 ஜூன் 23 அன்னைக்கு நடந்தது. வழக்குப் போச்சு, அரசு தனி அதிகாரியை நியமிச்சது, 2020 ஜனவரியில உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தேர்தலே செல்லாதுன்னுட்டார், அப்பீல்ல 2022 பிப்ரவரியில செல்லும்னு வந்து, பெட்டியைத் திறந்து எண்ணினது 2022 மார்ச் 20. கடைசியில தேர்தல் செல்லும்னு ஆச்சேன்னு சொல்லலாம், ஆனா ஓட்டுப் போட்டு எண்றதுக்குள்ள ரெண்டே முக்கால் வருஷம். அவ்வளவு பெரிய சங்கம் அதைத் தாங்கும், அம்பது பேர் இருக்கற உங்க சங்கம் தாங்காது, பாதிப் பேர் விலகிப் போயிடுவாங்க.

வாட்ஸப் குரூப்பை உறுப்பினர் பட்டியலா நினைக்கிறது

மரபு நடைக்கு வர்றவங்க எல்லாரையும் குரூப்ல சேத்துடறோம், நல்லதுதான். ஆனா ஓட்டுங்கறது உறுப்பினர் பதிவேட்டுல பேர் உள்ளவருக்குத்தான். மூணு வருஷமா எல்லா நடைக்கும் வந்த ஒரு அம்மா, கோயில் கோயிலா ஏறி இறங்கிப் போட்டோ எடுத்து ஆவணப்படுத்தினவங்க, தேர்தல் அன்னைக்கு "உங்க பேர் இல்லம்மா"ன்னு சொன்னதும் அழுதுட்டாங்க. அவங்ககிட்ட விண்ணப்பம் வாங்கணும்னு யாருக்கும் தோணல. இன்னொரு பக்கம் இறந்து போன ஆயுள் உறுப்பினர் பேரெல்லாம் பட்டியல்ல அப்படியே கிடக்கும், கோரம், அதாவது கூட்டம் செல்லறதுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச வருகை, அந்தக் கணக்குல மொத்த உறுப்பினர்ல இத்தனை பங்குன்னு பைலாவுல இருந்தா அந்தப் பேர்களே கூட்டத்தைக் கவுத்துடும். வரைவுப் பட்டியலை நோட்டீஸுக்கு முன்னாடியே ஒட்டி, ஆட்சேபணைக்கு ரெண்டு வாரம் குடுத்து, சந்தா கட்டக் கடைசித் தேதி சொல்லி, இறுதிப் பட்டியல்ல தேர்தல் அதிகாரி கையெழுத்துப் போடட்டும்.

"தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்"

நிகழ்ச்சி நிரல்ல கடைசியா வர்ற இந்தப் பொருள்ல பைலா திருத்தம் வராது. தேர்தலும் வராது.

போட்டியிடறவரே தேர்தல் அதிகாரி

வேண்டாம். அவர் மச்சானும் வேண்டாம்.

படிவம் 7-ஐத் தள்ளிப் போடறது

விதிப்படி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். நான் சொல்றது, அடுத்த வாரமே.

நோக்கத்தை மாத்திட்டு வருமான வரியை மறக்கிறது

விழிப்புணர்வுக்காக ஆரம்பிச்ச சங்கம் பின்னாடி கட்டடம் வாங்க, மியூசியம் நடத்த ஆசைப்பட்டு நோக்கங்களைத் திருத்தும். பதிவாளர் ஆபீஸ்ல வேலை முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கறாங்க. வருமான வரி விலக்குக்கான பதிவு (1961 சட்டத்துல 12ஏபி) வெச்சிருக்கற சங்கம், அந்தப் பதிவோட நிபந்தனைக்குப் பொருந்தாத மாதிரி நோக்கத்தை மாத்தினா, 30 நாளுக்குள்ள வருமான வரித்துறைக்கு மறுபடி விண்ணப்பிக்கணும், தவறினா விலக்கே கேள்விக்குறியாகும். பொருந்துதா இல்லையான்னு நீங்களா முடிவு பண்ணாம, தீர்மான வரைவை ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் நோட்டீஸ் அனுப்புங்க. வெளிநாட்டு நன்கொடை அனுமதி இருந்தா நோக்கம் மாறினதுக்கு எஃப்சி-6பி படிவம், பொறுப்பாளர் மாறினதுக்கு எஃப்சி-6இ படிவம், ரெண்டும் தனித்தனி.

பைலாவைத் திறந்ததே திறந்தீங்க, கலைப்பு விதியையும் ஒரு தடவை படிச்சிடுங்க. சங்கம் கலைஞ்சா பணம் அதே மாதிரி நோக்கமுள்ள சங்கத்துக்குப் போகும்னு பொதுவா இருக்கும், ஆனா ஜனங்க நம்பிக் குடுத்த ஓலைச்சுவடி, பழைய போட்டோ, பத்திரம் எல்லாம் எங்க போகும்னு பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. இரவல்னு குடுத்தது குடுத்தவங்க வீட்டுக்கு, தானமா வந்தது இன்ன நூலகத்துக்கு இல்ல இன்ன அருங்காட்சியகத்துக்குன்னு பேர் போட்டு எழுதுங்க, எழுதறதுக்கு முன்னாடி அந்த நூலகத்துக்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கி மினிட் புக்ல ஒட்டிடுங்க.